அடுப்புக்கு நேரே ஒரு விளக்கு

பூசி இரண்டு நாள்கூட ஆகாத சிமெண்டுச் சுவர், உள்ளங்கைக்குக் கோயில் குளத்துப் படியைப்போல ஜில்லென்று இருக்கும். குரோம்பேட்டை ஸ்டேஷனிலிருந்து பங்குனி வெயிலில் நடந்து வந்த களைப்புக்கு நான் அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்க, அம்மா என் கையிலிருந்த குங்குமச் சிமிழை வாங்கி, குழைத்து எடுத்து வந்திருந்த மஞ்சளைச் சுவரில் வட்டமாகத் தடவி, அதன் நடுவில் குங்குமத்தால் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள். அஸ்தினாபுரத்தில் எங்கள் வீடு எழும்பிக்கொண்டிருந்தபோது, தளம் போட்டு, ஜன்னலுக்குக் கதவு வராமல் இருந்த சமையலறையில் நடந்தது இது. எண்பதுகளின் நடுப்பகுதி, நான் ஐந்தாம் வகுப்பு.

"இங்கதான் லைட்டு வரணும்" என்று அம்மா அந்தச் சுவரிடமே சொல்வதுபோலச் சொன்னாள்.

அம்மாவுக்கு விளக்கின்மேல் அத்தனை ஆசை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முன்னால் நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு "ஒண்டுக்குடித்தன" வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அந்த வீட்டுக்காரர் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த சுவரில் ஒரு ஓட்டை போட்டு, அந்த ஓட்டைக்குள் ஒரே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டிருந்தார். ஒரே பல்பு, இரண்டு அறைக்கும் வெளிச்சம். முன்னறையில் நான் பாடம் படிப்பதற்காகப் பல்பை என் பக்கம் இழுத்தால் அம்மாவின் அடுப்பு இருண்டுபோகும். அம்மா தன் பக்கம் தள்ளினால் என் புத்தகம் இருண்டுபோகும். பெரும்பாலும் அம்மாதான் விட்டுக்கொடுப்பாள். அரிசியில் கல்லைக் கண்ணால் பார்க்காமல் விரலால் தடவியே எடுக்கிற பழக்கம் அவளுக்கு அங்கேதான் வந்தது.

ஆகையால் சொந்த வீடு என்றதும் மற்றவர்கள் வாசற்கதவைப் பற்றியும் மொட்டை மாடியைப் பற்றியும் பேசியபோது அம்மா அடுப்பங்கரை விளக்கைப் பற்றித்தான் பேசினாள். அப்பாவிடமும் சொல்லிப் பார்த்தாள். அப்பா நல்லவர், கம்பெனி வேலைக்குப் போய்வந்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் செங்கலுக்குத் தண்ணீர் அடித்தே அந்த வீட்டை எழுப்பியவர். ஆனால் அவர் மனம் முழுக்கக் கூடத்தில் வரப்போகிற ட்யூப்லைட்டில் இருந்தது. "லைட்டு எங்க வரணும்னு வயர்மேனுக்குத் தெரியாதா சரசு? அதெல்லாம் அவன் பாத்துப்பான்" என்று சொல்லிவிட்டார். அம்மா வாதாடவில்லை. வயர்மேன் பார்ப்பான் அல்லவா, அவன் பார்க்கிற மாதிரி அடையாளம் வைத்துவிட்டால் போகிறது என்று நினைத்தாள். எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் மஞ்சளும் குங்குமமும்தான். புது நோட்டின் முதல் பக்கத்தில்கூட நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்துத்தான் எழுத வேண்டும். அப்படியிருக்க, விளக்கு வரப்போகிற இடத்துக்குக் கரிக்கட்டியால் கோடு போட அவளுக்கு மனம் வரவில்லை.

அந்த இடத்தையும் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. சமையல் மேடை கிழக்குச் சுவரோடு ஒட்டி இருந்தது. கிழக்குப் பார்த்து நின்று சமைப்பது எங்கள் வழக்கம். அம்மா மேடைக்கு முன்னால் நின்று, இல்லாத கரண்டியால் இல்லாத குழம்பைக் கிளறிப் பார்த்து, கையை மேலே தூக்கி, எட்டிய மட்டும் எட்டி, அதற்கும் ஒரு சாண் மேலே முக்காலி போட்டு ஏறி வைத்த பொட்டு அது.

வயர்மேன் பெயர் தணிகாசலம். சுவரில் மரச்சட்டம் அடித்து அதன்மேல் வயரை இழுத்துக் கிளிப் போடுகிற காலம். மறுவாரம் நாங்கள் போனபோது சமையலறை மேல்தளத்தின் நட்ட நடுவிலிருந்து ஒரு ஹோல்டர் தொங்கிக்கொண்டிருந்தது. கிழக்குச் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை.

"சாமி எடத்த அப்பிடியே வுட்டுட்டேன் சார். மஞ்சா குங்குமம் வச்சிகீறாங்க, அதுல போயி நான் ஆணி அடிப்பேனா? நானும் புள்ளகுட்டிக்காரன்" என்றார் தணிகாசலம், பெருமையாக.

அப்பாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அம்மா தனக்குத் தெரியாமல் சாமிக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறாள் என்று நினைத்து, அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, ஒரு பெரிய மகாலட்சுமி படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாங்கிவந்து கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சரியாக அந்தப் பொட்டின்மேல் மாட்டிவிட்டார். அந்த ஓர் ஆணியை அடிக்கத் தணிகாசலத்துக்குத் தயக்கமே இல்லை. விடியற்காலையில் பால் காய்ச்ச உள்ளே வந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள். சுற்றிலும் சொந்தக்காரர்கள். "அடுப்புக்கு மேலயே லட்சுமி! சரசுக்கு என்ன ஒரு யோசனை!" என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். கற்பூரம் காட்டினார்கள். பால் பொங்கியது. அம்மா கைகூப்பி நின்றாள். அவள் முகத்தைப் பார்த்த எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. வெளியே வந்ததும் என் காதைப் பிடித்து, "யார்கிட்டயும் சொல்லிடாதடி. பால் காச்சின எடம். சாமிய எறக்குன்னு சொன்னா அபசாரம்" என்றாள்.

அப்படித்தான் அம்மா தன் சொந்த வீட்டில் இருட்டில் சமைக்க ஆரம்பித்தாள். விளக்கு நடுவில் இருந்தால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்கள் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு நாள் அடுப்பு முன் நின்று பார்க்க வேண்டும். வெளிச்சம் முதுகில் விழும். நம்முடைய நிழல் நமக்கு முன்னால் போய்ச் சட்டிக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு அந்தப் பக்கமெல்லாம் அப்போது "லோ வோல்டேஜ்". பொழுது சாய்ந்துவிட்டால் பல்பு பழுத்த கோவைப்பழம்போலச் சிவந்து நிற்குமே தவிர எரியாது. கூடத்து ட்யூப்லைட்டோ கண்ணை மூடி மூடித் திறந்து, 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு, ஒன்பது மணிக்கு மேல்தான் எரிய மனம் வைக்கும்.

பக்கத்து மனையில் அப்போதுதான் வீடு கட்ட ஆரம்பித்திருந்த எஸ்தர் டீச்சரிடம் மட்டும் அம்மா மனம்விட்டுச் சொன்னாள். "என் மாமியார் போய்ச் சேந்து ஆறு வருஷம் ஆச்சு டீச்சர். இப்ப என் நிழலே மாமியாரா வந்து குறுக்க நிக்குது. என்ன சமைக்கிறேன்னு எனக்கு முன்னாடி அதுதான் எட்டிப் பாக்குது." டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அவள் மணிக்கட்டில் கொதிநீராவி பட்ட தழும்பு அப்போதும் சிவப்பாகத்தான் இருந்தது.

இதை மாற்றியது அப்பாவின் சமையல். இப்போது எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்: மாதத்தில் மூன்று நாள் அம்மா "தூரம்". அந்த நாள்களில் சமையலறை வாசற்படியை மிதிக்க மாட்டாள். பின்கட்டில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பாள். தாம்பரத்தில் இருந்தவரை பக்கத்துக் குடித்தனக்காரர்கள் சோறு கொடுத்துவிடுவார்கள். புது வீட்டைச் சுற்றி அக்கம்பக்கம் என்று சொல்ல முள்ளுச்செடியும் காலி மனையும்தான். அதனால் அப்பா காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போவார், இரவுக்கும் அதுதான். ஆனால் அந்த ஒரு தடவை அவருக்குக் காலை ஷிஃப்ட். விடியுமுன் போய்விட்டவர், சாயங்காலம் வந்து, சாமி விளக்கு ஏற்றிய பிறகு, முதல் தடவையாக அந்தப் பல்பின் கீழ் அடுப்பைப் பற்றவைத்தார்.

அம்மா பின்கட்டிலிருந்தே குரல் கொடுத்தாள். "என்னங்க, கடுகு ரெண்டாவது தட்டுல, எடதுபக்கம்."

"தெரியும் தெரியும்."

"பக்கத்துலயே அதே மாதிரி இன்னொரு டப்பா இருக்கும், பாத்து எடுங்க."

"எனக்குக் கண்ணு இருக்கு சரசு."

சற்று நேரத்தில் வீடு முழுக்க ஒரு வாசனை வந்தது. கருகல் வாசனைதான், ஆனால் இதுவரை எங்கள் வீட்டில் யாரும் முகர்ந்திராத கருகல். அப்பா தட்டில் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றி, "கடுகு லேசா தீஞ்சிடுச்சு, ஒதுக்கிட்டுச் சாப்பிடு கண்ணு" என்றார். நான் ஒரு வாய் வைத்தேன்.

"அப்பா, இது கடுகு இல்லப்பா. டீத்தூள்."

பின்கட்டில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு பொத்திக்கொள்ளாமலே சிரிக்கிற சத்தம். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கையில் கரண்டியோடு பின்வாசலுக்குப் போய், "சிரிக்காத! டப்பாவும் தெரியல, எண்ணெயும் தெரியல, என் கையே எனக்குத் தெரியல. இந்த இருட்டுல மனுஷன் எவனாவது சமைப்பானா?" என்று கத்தினார்.

அம்மா சிரிப்பை நிறுத்தினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் சமைக்கிறேங்க. தெனமும்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு பின்வாசற்படியில் உட்கார்ந்து, நான் அதுவரை கேட்டிராத ஒரு மெதுவான குரலில், "வெளிச்சம் எங்க வரணும், சொல்லு" என்றார். அம்மா சொன்னாள். பொட்டைப் பற்றியும் சொன்னாள். "அது சாமிக்கு வெச்சது இல்லீங்க. லைட்டுக்கு வெச்சது. சாமிக்கு நான் வடகிழக்கு மூலையில மாடம் யோசிச்சு வெச்சிருந்தேன்."

அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. "அப்படீன்னா மகாலட்சுமிய எறக்கணுமா? என்னால முடியாதும்மா. நான் ஏத்தின சாமிய நானே எப்படி..." என்று இழுத்தார்.

"நான் எறக்கறேன். எனக்கும் அவளுக்கும் பேச்சு இருக்கு" என்றாள் அம்மா.

அடுத்த வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்து ஈரக்கூந்தலை முடிந்துகொண்டு, விளக்கேற்றி, படத்தின் முன் நின்று அம்மா வாய்விட்டுப் பேசினாள். "தாயே, இங்க உனக்கும் புகை, எனக்கும் இருட்டு. நம்ம ரெண்டு பேரும் கொஞ்சம் நகந்துக்கலாம். கோவிச்சுக்காத." பிறகு இரண்டு கையாலும் படத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்து, குழந்தையைத் தூக்கிப்போவதுபோல வடகிழக்கு மூலைக்குக் கொண்டுபோனாள். எனக்கு அன்றைக்குப் பயமாக இருந்தது. இன்றைக்கு நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. என் அம்மாவின் பக்தி பயந்துகொண்டு நின்ற பக்தி இல்லை. சாமியிடம் நியாயம் கேட்கிற உரிமையுள்ள பக்தி.

விளக்கு வாங்கத் தாம்பரம் கடைத்தெருவுக்கு மூன்று பேரும் போனோம். அப்பா பிராயச்சித்தமாகச் சமையலறைக்கும் ட்யூப்லைட்டே போட்டுவிடலாம் என்றார். அம்மா, "சாயங்காலம் கண்ணடிக்கிற லைட்டு எனக்கு வேணாம். ஒன்பது மணிக்கு அது எரியறதுக்குள்ள நீங்க எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கிடுவீங்க" என்று சொல்லிவிட்டாள். கடைக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்து, "கிச்சனுக்குத்தானேம்மா? நாப்பது வாட்டு போதும். எல்லாரும் அதான் வாங்கறாங்க" என்றார்.

"உங்க வீட்ல நீங்க சமைக்கிறீங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"நான் ஏம்மா சமைக்கிறேன்?"

"அதான் கேட்டேன்."

பிறகு இடுப்பிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் பிரித்தாள். ரேஷன் அரிசி, அதில் கல்லும் நெல்லும். ஓரத்தில் கொஞ்சம் கடுகு, கொஞ்சம் டீத்தூள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கு வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்தார். "ஒவ்வொண்ணா மாட்டி எரிய விடுங்க, பாக்கறேன்" என்றாள் அம்மா. கடைக்காரருக்குப் பேஜாராகத்தான் இருந்தது; ஆனால் வேடிக்கை பார்க்க இரண்டு பெண்கள் கூடிவிட்டதால் மாட்டிக் காட்டினார். நாற்பது வாட்டில் கல் தெரியவில்லை. அறுபதில் கல் தெரிந்தது, ஆனால் அம்மாவின் கை நிழல் விழுந்தால் மறைந்தது. நூறு வாட்டுப் பல்பை மாட்டி, பச்சை வெளிப்பூச்சும் வெள்ளை உள்பூச்சும் போட்ட ஒரு தகரக் குடையை அதன்மேல் கவிழ்த்தபோது, வெளிச்சம் கண்ணில் குத்தாமல் நேராக மேசையில் கொட்டியது. அரிசி தனியாக, கல் தனியாக, கடுகு உருண்டை உருண்டையாகப் பளிச்சென்று தெரிந்தன. "இது பெட்டிக்கடை லைட்டாச்சேம்மா, வீட்டுக்கா?" என்றார் கடைக்காரர். "வோல்டேஜ் கொறஞ்சாலும் எனக்கு அறுவதாவது கெடைக்கும். கட்டுங்க" என்றாள் அம்மா. கூட்டத்தில் இருந்த ஒரு பெண் உடனே, "எனக்கும் அதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

தணிகாசலம் வந்தார். படம் இல்லாத சுவரைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இன்னாக்கா இது? சாமி கேக்காதா?"

"கேட்டாச்சு. நீ அடி."

"அய்யோ, வாணாங்கா. மொத அடி நீயே அடிச்சிடு. பாவமோ புண்ணியமோ உன்னோட போவட்டும்."

அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு முக்காலியில் ஏறினாள். சுத்தியலை வாங்கி, ஆணியைப் பொட்டின் நடுவிலேயே வைத்து ஓங்கி ஒரு போடு போட்டாள். காய்ந்த மஞ்சள் பொலபொலவென்று உதிர்ந்து அவள் கையில் விழுந்தது. அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்று சாயங்காலம் அந்த விளக்கின் கீழ் அம்மா வெண்டைக்காய் நறுக்கியதை நானும் அப்பாவும் கோயிலில் அபிஷேகம் பார்க்கிற மாதிரி நின்று பார்த்தோம்.

எஸ்தர் டீச்சர் வீட்டில் வயரிங் வேலை வந்தபோது அவர்கள் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். "சரசக்கா, ஒரு தடவ வந்து எங்க அடுப்படியில நின்னுட்டுப் போங்க. ஆனா தயவுசெஞ்சு பொட்டு மட்டும் வெச்சிடாதீங்க, தணிகாசலம் எங்க வீட்லயும் கும்பிட்டுட்டுப் போயிடுவார்!" அம்மா போய் நின்றாள். டீச்சர் இடதுகைக்காரர், அதனால் விளக்கைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளச் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யார் வீடு கட்டினாலும் அம்மாவுக்கு அழைப்பு வரும். தரை போடாத சமையலறைகளில், மணலிலும் ஜல்லியிலும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று, வீட்டுக்காரப் பெண்ணையே அடுப்பு முன் நிற்கச் சொல்லி, "நீ கெளறும்மா, நான் பாக்கறேன்" என்பாள். எழுத்துக் கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த என் அம்மாவை, தெருவிலிருந்த படித்த பெண்கள் கைபிடித்துக் கூட்டிப்போனதைப் பள்ளிக்கூடத்தில் நான் சொல்லாத நாள் இல்லை.

காலம் ஓடிவிட்டது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அஸ்தினாபுரத்து வீட்டை இடித்துவிட்டு அங்கே அடுக்குமாடி வந்துவிட்டது. டீச்சர் வீடும் அப்படியே. மரச்சட்டத்தில் ஓடிய வயரும், பச்சைத் தகரக் குடையும், சாயங்காலமானால் சிவக்கிற பல்பும் இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் புரியாது. அந்த மூன்று நாள் "தூரமும்" எங்கள் வீட்டில் இல்லை. அதை அம்மாவேதான் நிறுத்தினாள், என் மகள் பெரியவளானபோது.

போன தை மாதம் கூடுவாஞ்சேரியில் நாங்கள் வாங்கிய வீட்டுக்குச் சமையலறை வேலை செய்ய ஒரு கம்பெனியிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். கையில் அளவு டேப். உள்ளே நுழைந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "ஆன்ட்டி, இங்க யாரு சமைப்பாங்க? அவங்க நிக்கிற எடத்த வெச்சுத்தான் லைட்டு பிளான் பண்ணணும்."

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பாத்தியாடி, கேக்கறாங்க" என்றாள். அவள் வாழ்க்கையில் இதை முதல் வார்த்தையாகக் கேட்டவள் இந்தப் பெண்தான்.

"நான்தான் சமைப்பேன்" என்று நான் சொல்ல வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "எல்லாரும் சமைப்பாங்கம்மா. எல்லாரையும் நிக்க வெச்சுப் பாரு."

முதலில் என் வீட்டுக்காரர் போய் நின்றார், பிறகு நான், பிறகு என் மகன், கடைசியில் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்த மகள், பையைக்கூடக் கழற்றாமல். அந்தப் பெண் ஒவ்வொருவர் உயரமாக எழுதிக்கொண்டே போக, அம்மா சுவரைப் பிடித்தபடி எழுந்து வந்து, "கைய நீட்டு, கைய நீட்டு" என்று எங்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.